ஈறில் ரத்தமா? பிரஷ்ஷைக் கீழே வைக்காதீர்கள்!

பல் பிடுங்கியதும், “இதைக் கடிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் பேசாம இருங்க” என்று டாக்டர் வைக்கும் காஸ் துணி, ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்ததாக இருக்கலாம். மருத்துவத் துணிக்குப் பெயர்போன ஊர் அது. அந்தத் துணிக்கு நம் வாயில் வேலை வைக்கும் நோய்களில் முக்கியமானது ஈறு நோய். “வயசானா பல் ஆடத்தானே செய்யும்” என்று நாம் விட்டுவிடுவதுதான் அதற்கு வசதியாகப் போகிறது.

ரத்தம் ஏன் வருகிறது?

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் கிருமிகள் மாவுபோலப் படிகின்றன. அதைத் துலக்கி எடுக்காவிட்டால் ஈறு சிவந்து வீங்கும். பிரஷ் பட்டாலே ரத்தம் கசியும். 1965இல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் குழுவினரும் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் வீக்கம் வடிந்தது. ஆகவே, ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்தினால் நோய்தான் வளரும்.

வலிக்காமல் முற்றும்

படிந்த மாவு, எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து காரையாக இறுகிவிடும். கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கம் நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் பெரும்பாலும் அது காரைதான். நாளடைவில் ஈறு பல்லைவிட்டு விலகி, நடுவில் பை போன்ற பள்ளம் விழும். 3 மில்லிமீட்டர் ஆழம் வரை சாதாரணம். அதற்கு மேல் போனால் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையத் தொடங்கியிருக்கலாம். வாய் நாற்றம், சீழ், பல் ஆட்டம் எல்லாம் பிறகு வருபவை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல் துலக்கும் பழக்கமே இல்லாத 480 தமிழ்த் தொழிலாளர்களை 1970 முதல் லோ குழுவினர் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுக்குச் சொத்தைப் பல் அநேகமாக இல்லை. ஆனாலும் 8 சதவீதம் பேருக்கு ஈறு நோய் வேகமாகவும், 81 சதவீதம் பேருக்கு மிதமாகவும் முற்றியது. சொத்தை இல்லையென்றால் பல்லுக்குக் குறையில்லை என்று நினைத்துவிட முடியாது.

சர்க்கரையும் புகையிலையும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா நேரடியாக ஈறைக் கெடுப்பதில்லை. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் தீவிரமாகும். ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரையும் எளிதில் இறங்காது. புகைப்பவர்களுக்கு ஈறின் ரத்த ஓட்டம் குறைவதால், உள்ளே நோய் முற்றியிருந்தும் ரத்தம் வராமல் ஏமாற்றும். மில்லில் நைட் ஷிப்ட்டில் தூக்கம் வராமலிருக்கப் புகையிலை அடக்குபவர்களுக்கு ஈறு இறங்குவதோடு வாய்ப் புற்றுநோய் அபாயமும் உண்டு.

சிகிச்சை என்ன?

ஆரம்ப நிலையில் காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் செய்து, வீட்டில் ஒழுங்காகத் துலக்கினால் போதும். பை ஆழமாகிவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, வேர் வரை சுத்தம் செய்வார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஈறு அறுவை சிகிச்சை. கரைந்த எலும்பு பெரும்பாலும் பழையபடி வளராது. மேலும் கரையாமல் தடுக்கலாம்.

“கிளீன் பண்ணினா பல் ஆடிப்போகும்” என்பது தவறு. பல்லிடுக்கை அடைத்திருந்த காரை போனதும் இடைவெளி தெரியும், சில நாள் கூசும், அவ்வளவுதான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

காலையிலும் இரவு படுக்கும் முன்பும் மென்மையான பிரஷ்ஷால் ஈறு ஓரத்தில் 2 நிமிடம் துலக்குங்கள். பல்லிடுக்குக்கு அதற்கான சிறு பிரஷ் அல்லது நூல் தேவை. செங்கல் பொடி, சாம்பல், உப்பு போட்டுத் தேய்க்க வேண்டாம். பல்லும் ஈறும் தேயும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தை டாக்டர் சொன்ன நாள்களுக்கு மேல் பயன்படுத்தினால் பல்லில் கறை படியும். கர்ப்ப காலத்தில் ஈறு எளிதில் வீங்கும். அப்போதும் பல் டாக்டரிடம் தயங்காமல் காட்டலாம்.

துலக்கும்போது ரத்தம் வருவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல் மருத்துவரிடம் போய், “ஈறைப் பாருங்க” என்று நீங்களே கேளுங்கள்.