கல்லைக் கண்டால் கடலைக் காணோம்!

மேற்குத் தாம்பரத்தில் இரண்டாவது மாடி வீடு எங்களுடையது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிவந்தேன். மூன்றடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. "இதில் கடல் மீன் வளர்க்கப் போகிறேன்" என்று அறிவித்ததும் மனைவி கேட்டது ஒரே கேள்வி.

"ஏங்க, குடிக்கவே கேன் தண்ணி வாங்கறோம். கடலுக்கு எங்க போவீங்க?"

சிரித்துவிட்டுச் செயலில் இறங்கினேன். கோவளத்தில் இரண்டு பை மணல். பல்லாவரத்தில் நாலைந்து கருங்கல். மணலைப் பரப்பி, அதன்மேல் கல்லைக் கோபுரமாக அடுக்கி, மூன்றாம் நாளே மூன்று மீன்களை விட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு காலி. மிச்சமிருந்தது கோபி என்கிற மணல் தோண்டும் ஜாதி. அது கோபுரத்துக்கு அடியிலேயே வளை தோண்டியிருக்கிறது. நள்ளிரவு 2 மணிக்கு 'டமால்!' சத்தம். கல் சரிந்து, கண்ணாடி விரிந்து, ஹால் முழுக்க வங்காள விரிகுடா.

காலையில் கீழ் வீட்டு மாமா படியேறி வந்தார். "சார், உங்க கடல் எங்க வீட்டுக்கு வந்திருக்கு."

ஆபீஸில் சோகக் கதையைச் சொன்னேன். ஒரு நண்பர் காதோடு சொன்னார்: "கருங்கல்லை யார் சார் போடச் சொன்னது? ராமேஸ்வரம் பக்கம் ஆள் இருக்கு. ஒரு மூட்டை பவளக்கல் வந்துடும். உசுருள்ள கல்லு!"

சபலம் தட்டியது. காரணம் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும்; அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அதில் விஷம் குறைவு. இந்தப் பாக்டீரியாக்களுக்கு வீடு வேண்டும். பவளக்கல் இட்லி மாதிரி. உள்ளே ஆயிரம் ஓட்டை, ஆயிரம் குடித்தனம். பல்லாவரம் கல்லோ ஓட்டையே இல்லாத உறுதி. (அதற்கும் உலகப் புகழ் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல் இந்த வகைதான். 1893ல் அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர்தான் சார்னோக்கைட். சமாதிக்கு உகந்த கல்லைத்தான் நான் மீனுக்கு வைத்திருக்கிறேன்!)

மூட்டைக்குச் 'சரி' சொல்லுமுன் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். நல்லவேளை! வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளங்களை 2001ல் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு இருக்கிற அதே இடம். மாட்டினால் ஜெயில்.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அங்கே வருஷக்கணக்காகப் பவளப்பாறையை வெட்டினார்கள். அலையைத் தடுக்க அரண் இல்லாமல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. என் ஹாலுக்கு அழகு சேர்க்க நானும் ஒரு மூட்டை உருவுவதா? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் நண்பரிடம் "வேண்டாம் சார்" என்றேன். அவர் ஒரு வாரம் பேசவில்லை.

பிறகு நானே கல் செய்தேன். கோழித் தீவனத்துக்கு விற்கும் கிளிஞ்சல் தூள் நாலு பங்கு, வெள்ளை சிமென்ட் ஒரு பங்கு, நடுநடுவே கைப்பிடி கல்லுப்பு. கெட்டியானதும் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து ஓட்டை விழும். சிமென்ட்டின் காரம் போக ஒன்றரை மாதம், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். மொட்டை மாடியில் எங்கள் வீட்டு வடாமும் என் கல்லும் பக்கத்துப் பக்கத்தில். கடற்கரையில் மணல் அள்ளவும் தடை இருக்கிறது. அதனால் மணலுக்குக் கடையில் அரகோனைட்.

இந்த முறை புதுத் தொட்டி. முதலில் கல், பிறகுதான் மணல். கல் நேரே தொட்டியின் தரையில் உட்கார வேண்டும். அடியில் கண்ணாடிக்குக் காப்பாக ஒரு பிளாஸ்டிக் வலை. சுற்றிலும் கண்ணாடிக்கு நாலு விரல் தள்ளி, நீரோட்டம் புகுந்து போகும்படி அடுக்கினேன். கையால் ஆட்டிப் பார்த்தால் ஆடக் கூடாது. அதன் பிறகு கழுவிய மணல் இரண்டங்குலம். இனி எந்தக் கோபி தோண்டினாலும் கோபுரம் சரியாது.

போர் தண்ணீர் உதவாது. ஆர்.ஓ. தண்ணீரில், மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரைத்து, மணல் கலங்காமல் ஒரு தட்டின்மேல் ஊற்றினேன். எல்லாம் சேர்ந்து கால் டன்னுக்குக் கிட்டே வரும் எடை, சுவரோரம்தான் வைக்கலாம். ஆவியாகும் அளவுக்கு நல்ல தண்ணீர்தான் சேர்க்கணும்; உப்பு ஆவியாவதில்லை. தாம்பரத்து மே மாதத்துக்கு, தொட்டி மேல் ஒரு குட்டி ஃபேன்.

அப்புறம்? காத்திருப்புதான். ஒரு துண்டு இறாலைப் போட்டு, அது அழுகி அமோனியா வந்து, பாக்டீரியா பெருக ஆறு வாரம். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் "என்ன சார், கல் வளர்க்கறீங்களா?" என்றார்கள். தினம் ஆபீஸிலிருந்து யூனிட் ரயிலில் வந்து, ஷூவைக் கழற்றுமுன் சோதனைக் குழாயைத்தான் பார்ப்பேன். ஒரு புதன்கிழமை அமோனியா சுத்தமாக இல்லை. நைட்ரைட்டும் இல்லை.

பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன்களை வாங்கிவந்தேன். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் நம் விஞ்ஞானிகள் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். கடலில் பிடிக்கத் தேவையில்லை. விட்ட பத்தாவது நிமிஷம் இரண்டும் என் கிளிஞ்சல் கல்லின் ஓட்டைக்குள் போய்க் குடியேறின.

"அட, வாடகைகூடப் பேசலையே!" என்றாள் மனைவி.

கீழ் வீட்டு மாமா மட்டும் இன்னமும் தினம் காலையில் காபியோடு கூரையைப் பார்க்கிறார்.