ஸபூரும் சங்கீதமும்: ஒரு வாசிப்பு

தாவூத் நபி (அலை) அவர்களுக்கு ஸபூர் அருளப்பட்டது என்பது நமது ஈமானோடு சேர்ந்த விடயம். அல்குர்ஆன் மூன்று இடங்களில் (4:163, 17:55, 21:105) அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் தமிழ் பைபிளிலுள்ள சங்கீதப் புத்தகத்தைக் கையில் எடுத்தால், “வேதக்காரர்ர கிதாபு நமக்கென்னத்துக்கு சேர்?” என்ற கேள்விதான் நிந்தவூரில் முதலில் வரும். நியாயமான கேள்விதான்.

ஸபூரும் இன்றுள்ள சங்கீதமும் ஒன்றேதான் என்று நாம் சொல்ல முடியாது. 150 பாடல்களில் 73 மட்டுமே எபிரேய மூலத்தில் தாவூதின் பெயரைத் தலைப்பில் கொண்டவை. ஆசாப், கோராகின் புத்திரர் போன்றோரின் பெயரிலும் பாடல்கள் உண்டு; ஒன்று மூஸா நபியின் பெயரில் இருக்கிறது; சிலவற்றுக்குப் பெயரே இல்லை. வேதக்காரர் சொல்வதை மெய்ப்பிக்கவும் வேண்டாம், பொய்யாக்கவும் வேண்டாம் என்ற கருத்தில் புகாரியில் வரும் ஹதீஸே இங்கு அளவுகோல். உமர் (ரழி) தவ்றாத்தின் ஏட்டை வாசித்தபோது நபியவர்கள் அதிருப்தியுற்றதாக வரும் அறிவிப்பையும் மறக்கக் கூடாது. மார்க்கத்தை அங்கே தேடாதே என்பதாகவே நான் அதை விளங்கிக்கொள்கிறேன். விளக்கத்துக்காக வாசிப்பது வேறு.

அப்படி வாசித்ததில் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். நல்லடியார்களே பூமிக்கு அனந்தரக்காரர் என்று ஸபூரில் எழுதினோம் என்கிறது 21:105. இதே கருத்து 37ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அங்கே மொழிபெயர்ப்பாளர் போட்ட சொல் ‘சுதந்தரித்தல்’. நமது மாணவர்கள் இதை விடுதலை என்றே எடுத்துக்கொள்வர். பைபிள் தமிழில் ‘சுதந்தரம்’ என்றால் வாரிசுரிமை. அந்தத் தமிழைச் செப்பமாக்க உழைத்தவர்களில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் ஒருவர். பேர்சிவல் பாதிரியாருடன் அவர் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதனால் அவருடைய சைவம் குறையவில்லை.

இனிப் பொருளைப் பார்ப்போம். கெட்டவன் செழித்து நிற்பதைக் கண்டு எரிச்சல் படாதே, பொறுத்திரு என்பதே அந்தச் சங்கீதம் முழுக்க ஓடும் பேச்சு. குர்ஆன் வசனமோ ஸூரத்துல் அன்பியாவின் கடைசிப் பகுதியில், சோதனைகளைப் பொறுத்த நபிமாரின் செய்திகளுக்குப் பிறகு வருகிறது. ‘பூமி’ என்பது சுவர்க்கமா, இவ்வுலகமா என்று முபஸ்ஸிர்கள் கருத்து வேறுபட்டாலும், இரண்டு இடத்திலும் அது பொறுமைசாலிக்குச் சொன்ன ஆறுதல்.

காணிப் பிரச்சினை ஓயாத அம்பாறை மாவட்டத்தில் இது சின்ன விசயம் இல்லை. இந்த வசனத்தைக் காணி உறுதி மாதிரிக் காட்டி ‘இது எங்கட’ என்று சொல்ல எந்தச் சமூகத்துக்கும் மனம் வரும். ஆனால் உறுதியில் இருக்க வேண்டிய பெயர் சமூகத்தின் பெயர் இல்லை, ‘ஸாலிஹீன்கள்’ என்பதுதான். அந்தப் பட்டியலில் நாம் இருக்கிறோமா என்பதை அல்லாஹ்வே அறிவான். சங்கீதத்தைப் பக்கத்தில் வைத்து ஓதியபோது, ஏற்கெனவே நம்மிடமுள்ள வசனமே எனக்கு இன்னும் கனமாகப் பட்டது.