சர்வர் அறையின் மின்கணக்கு

ஹைதராபாத்தை ஒட்டிய நர்சிங்கியில், என்பிசிஐ எனப்படும் இந்திய தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் தரவு மையத்துக்கு 2020-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் யுபிஐ சேவையை நடத்துவது இக்கழகமே. மைக்ரோசாஃப்ட் தனது தரவு மையங்களை இந்நகரில் அமைப்பதாக 2022 மார்ச்சில் அறிவித்தது. அமேசானின் மையங்கள் அதே ஆண்டு நவம்பரில் செயல்படத் தொடங்கின. ரொக்கத்தையும் காகிதத்தையும் நாம் குறைத்திருப்பது உண்மையே. ஆனால் அந்த வேலையை ஏற்றுக்கொண்ட இயந்திரங்கள் இரவும் பகலும் மின்சாரத்தை விழுங்குகின்றன. 2024-இல் உலகின் மின் நுகர்வில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு தரவு மையங்களுக்குச் சென்றதாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டுள்ளது.

சர்வர்கள் வெளியிடும் வெப்பத்தை அகற்றுவதற்கே இம்மின்சாரத்தில் கணிசமான பங்கு செலவாகிறது. இதனை அளக்க ‘பியூஇ’ என்றொரு விகிதம் உண்டு. மையம் பெறும் மொத்த மின்சாரத்தைக் கணினிகள் மட்டும் பயன்படுத்தும் மின்சாரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 1.5 என்றால், கணினிகளுக்கு 100 யூனிட் செல்லும்போது குளிரூட்டல் முதலியவற்றுக்கு மேலும் 50 யூனிட் தேவை என்று பொருள். கூகுள் தன் மையங்களின் உலகச் சராசரியை 1.1 என்ற அளவில் காட்டுகிறது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் ஹைதராபாத்தில் அந்த எண்ணை எட்டுவது எளிதன்று.

ஆயினும் செய்யத்தக்கவை உண்டு. நடுங்கவைக்கும் குளிரில்தான் சர்வர்கள் பழுதின்றி இயங்கும் என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்கக் குளிர்பதனப் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே, சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்கிறது. சர்வர் அடுக்குகளின் முன்புறக் குளிர்காற்றும் பின்புற வெப்பக்காற்றும் கலந்துவிடாதபடி தடுப்பு அமைத்தால், அறையின் வெப்பநிலையை அச்சமின்றி உயர்த்தலாம். தக்காண மேட்டுநிலத்தின் குளிர்கால இரவுகளில் வெளிக்காற்றையே துணைக்கொள்ளலாம். நீரை ஆவியாக்கிக் குளிரூட்டுவதும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடியிருப்புகள் உள்ள நகரில் அம்முறையை நாம் தயக்கத்துடனேயே பரிந்துரைப்போம்.

இவ்விகிதம் சொல்லாத ஒன்று உண்டு: மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது. இந்தியாவின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியைச் சார்ந்தது. ஓராண்டின் தேவைக்கு ஈடான சூரிய மின்சாரத்தை வாங்கிவிட்டதாக ஒரு நிறுவனம் கூறலாம். சூரியன் மறைந்தபின் அதன் சர்வர்களை இயக்குவது பெரும்பாலும் அனல்மின் நிலையமே. ஆண்டிறுதியில் இருப்பு சரியாக இருந்து, இரவுதோறும் ஓவர்டிராஃப்டில் ஓடும் கணக்கைப் போன்றது அது. மணிக்கு மணி கணக்குக் காட்டும் மையத்தையே நாம் நம்புவோம். பணப் பரிமாற்றம் ஒரு நொடியும் காத்திராது. ஆனால் மாதாந்திர அறிக்கை தயாரித்தல், பழைய பதிவுகளைப் பிரதியெடுத்தல் போன்ற பணிகளுள் சில நள்ளிரவிலிருந்து வெயில் ஏறிய நண்பகலுக்கு மாற்றத்தக்கவை.