தூரத்துக் கணினியில் எமது பெயர்கள்

கற்பிட்டிப் பகுதியில் நான் சென்றுவரும் மாதர் சங்கங்களில் கணினி தெரிந்த ஒரு பிள்ளையாவது இருக்கிறாள். உறுப்பினர் பட்டியல், சேமிப்புக் கணக்கு, காணி விபரம், காணாமற்போனவர்களின் விபரம் எல்லாவற்றையும் பதிவது அவள்தான். ஆனால் அவள் பதியும் கோப்பு அவளுக்கு முன்னால் இருக்கும் கணினியில் இல்லை. அது தலைமை அலுவலகத்தின் கணினியில் இருக்கிறது. இங்கிருந்தபடியே இணையத்தின் வழியாக அதைத் திறந்து எழுத வேண்டும்.

"மிஸ், அடிச்ச எழுத்து வருதில்லை" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு. எழுத்து வரவில்லை என்று மறுபடியும் அழுத்துகிறார்கள். சற்று நேரத்தில் இரண்டும் சேர்ந்து வந்து விழுகின்றன. பெயர் பிழைத்துவிடுகிறது. பிறகு, அந்தப் பிள்ளை மந்தம் என்று ஒரு பேச்சு வருகிறது. மந்தம் பிள்ளையில் அல்ல, வழியில் இருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பெயர்ப் பட்டியல் என்பது எமது பெண்களுக்குச் சாதாரண விடயமல்ல. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையை அடைந்தார்கள். கையில் உறுதியும் இல்லை, பிறப்புப் பத்திரமும் இல்லை. அன்று முதல் நிவாரணம், வீட்டுத்திட்டம், வாக்காளர் பதிவு, மீள்குடியேற்றம் எதுவானாலும் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. யுத்தத்தில் கணவனை இழந்த தமிழ்ச் சகோதரிகளின் நிலையும் இதுதான். அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் ஒன்று மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும். திரும்பி வந்ததற்குக் காரணம் கேட்க பஸ் ஏறிப் போக வேண்டியவள் அந்தப் பெண்தான்.

ஏன் எழுத்து தாமதமாகிறது? கற்பிட்டிக்காரருக்குப் பத்தலங்குண்டு தெரியும். அந்தத் தீவுக்கு வள்ளத்தில்தான் சாமான் போக வேண்டும். அங்குள்ள ஒருவர் ஒரு வெங்காயம் வேண்டுமென்று வள்ளம் அனுப்பி, அது வந்து சேர்ந்த பிறகு ஒரு மிளகாய்க்கு மறுபடி வள்ளம் அனுப்பினால் சமையல் எப்போது முடியும்? தூரத்துக் கணினியில் நேரடியாக எழுதும்போது நடப்பது இதுவேதான். நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு எழுத்தும் அங்கே போய்ப் பதிந்து, பதிந்த செய்தி திரும்பி வந்த பிறகே உங்கள் திரையில் தெரிகிறது. வள்ளம் பெரிதாக இருந்து பயனில்லை. போய்வரும் தடவைதான் கணக்கு. இதை விளங்காமல், "பெரிய டேட்டா பக்கேஜ் போடுங்கள்" என்று எமக்கு ஆலோசனை சொன்னவர்களும் உண்டு. காசு போனதே தவிர எழுத்து விரைந்து வரவில்லை.

2000களின் நடுப்பகுதியில் கிராமங்களில் நெனசல நிலையங்கள் திறக்கப்பட்டபோது சில இடங்களுக்குச் செய்மதி இணைப்புக் கொடுத்தார்கள். அந்தச் செய்மதி பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் தூரத்தில் நிற்பது. ஓர் எழுத்து மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதே வழியில் வர 1,44,000 கிலோமீற்றர். ஒளியின் வேகத்தில் போனாலும் ஏறத்தாழ அரை வினாடி. தமிழில் 'கோ' என்று எழுத இரண்டு மூன்று விசைகளை அழுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்று கைத்தொலைபேசி இணைப்பு அதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் ஊரெல்லாம் வீடியோ பார்க்கும் இரவு வேளையில் பழைய கதைதான்.

இதற்குத் தமிழர்களே முன்பு ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். 1998 பொங்கலன்று ஆரம்பமான மதுரைத் திட்டத்தை சுவிட்சர்லாந்தில் இருந்து கு. கல்யாணசுந்தரம் நடத்தினார். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்தவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். அன்றைய இணையமோ தொலைபேசிக் கம்பியில் நத்தைபோல் ஊர்ந்தது. அவர்கள் தூரத்துக் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதவில்லை. தத்தம் கணினியில் தட்டச்சுச் செய்து, முடித்த பகுதியை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். இன்னொருவர் வேறொரு நாட்டில் அதைப் பிழைதிருத்தினார்.

நாமும் இதைத்தான் செய்ய வேண்டும். கோப்பின் பிரதியை இங்கே எடுத்து, இங்கேயே எழுதி, முடிந்ததும் அனுப்புவது. 2022 இல் நாடெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது இதன் அருமை தெரிந்தது. (நுரைச்சோலை மின்நிலையம் எமது பக்கத்திலேயே இருந்தும் எமக்கும் அதே இருட்டுத்தான்.) மடிக்கணினியின் பற்றரி இருக்கும் வரை வேலை நடந்தது. முழுக் கோப்பையும் ஒவ்வொரு முறையும் அனுப்பத் தேவையுமில்லை. 1996 இல் அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ ட்ரிஜெல், போல் மக்கரஸ் இருவரும் ஆர்சிங்க் என்றொரு மென்பொருளை வெளியிட்டார்கள். அது இரு பிரதிகளையும் பகுதி பகுதியாக ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். அது இலவசம். டிரொப்பொக்ஸும் இந்த விதத்திலேயே வேலை செய்கிறது. கூகுள் டொக்ஸில் இணைப்பு இல்லாத வேளையிலும் எழுதலாம். ஆனால் அந்த வசதியை இணைப்பு இருக்கும்போதே திறந்துவைக்க வேண்டும்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆலங்குடாவில் ஒருவரும் ஏத்தாளையில் ஒருவரும் ஒரே பட்டியலின் பிரதியை எடுத்துச் சென்று திருத்தினால், பின்னால் அனுப்பியவரின் பிரதி முன்னவரின் வேலையை அழித்துவிடலாம். புதிதாகச் சேர்த்த குடும்பம் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். தமிழ் விக்கிப்பீடியாவில் இருவர் ஒரே இடத்தைத் திருத்தினால், பின்னால் சேமிப்பவருக்கு அது அறிவித்தல் காட்டும். பழைய வடிவங்களையும் அழிக்காமல் வைத்திருக்கும். எமது கோப்புகளுக்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே பட்டியலைக் கிராமம் கிராமமாகத் தனிக் கோப்புகளாகப் பிரிப்பது நல்லது. கோப்பின் பெயரிலேயே திகதியையும் பதிந்தவரின் முதலெழுத்தையும் சேருங்கள். பத்திரங்களின் படங்களைப் பட்டியலுக்குள் ஒட்டாமல் தனி உறையில் வையுங்கள், கோப்பின் பாரம் குறையும். பாமினி எழுத்துருவில் அடிக்கவே வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் பெயர் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோட்டில் அடியுங்கள்.

எல்லாக் கோப்பையும் இப்படி இங்கே எடுத்து வருவதை நான் ஏற்கமாட்டேன். காணாமற்போன மகனைப் பற்றி ஒரு தாய் சொன்னது, வன்முறைக்கு உள்ளான ஒரு பெண் சொன்னது போன்றவை கொமினிகேஷன் கடைக் கணினியிலோ யாருடையதோ பென்டிரைவிலோ பிரதியாகக் கிடக்கக் கூடாது. அவை தலைமை அலுவலகத்திலேயே இருக்கட்டும். அவற்றில் மட்டும் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு நேரடியாக எழுதலாம்.

அந்தத் தாமதத்தையும் குறைக்க வழியுண்டு. தூரத்துக் கணினியின் திரை படமாகவே இங்கு வருவதால், அதன் பின்னணிப் படத்தை நீக்கி நிறங்களைக் குறைத்தால் பாரம் குறையும். வெறும் எழுத்துத் திரையில் வேலை செய்வோருக்கு மொஷ் என்ற மென்பொருள் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணனும் கீத் வின்ஸ்டீனும் 2012 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வெளியிட்டது. பதில் வரும்வரை காத்திராமல், நீங்கள் அழுத்திய எழுத்தை ஊகித்து உடனே காட்டிவிடும். அவர்களது சோதனையில் 70 வீதமான அழுத்தங்களுக்கு இது சாத்தியமானது. ஊகம் பிழைத்தால் தானே திருத்திக்கொள்ளும்.

இத்தகைய கோப்பைத் திறக்க வேண்டிய நாட்களில் பதிவுசெய்யும் பிள்ளையைச் சுபஹுக்குப் பிறகு, ஆறரை மணியளவில் வரச் சொல்கிறேன். அந்நேரம் இணைப்பில் நெரிசல் குறைவு. தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்க்கவும் யாரும் இருக்கமாட்டார்கள்.