பழைய அவுட்போர்டு மோட்டாரை மதிப்பிட்டு வாங்கும் முறை

ஆற்றுத் திட்டுகளிலும் உப்பங்கழிகளின் அக்கரையிலும் நிலம் உடையவர்கள் நாற்று, எரு, விளைபொருள் யாவற்றையும் படகிலேயே ஏற்றி இறக்க வேண்டியவர்களாயிருக்கிறார்கள். படகின் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் இவர்களுக்குப் பேருதவியாகும். புதியதன் விலை அதிகமாதலால் பலர் பழையதையே நாடுகின்றனர். இதில் தவறொன்றுமில்லை. ஆயினும், வெள்ளக்காலத்தில் நட்டாற்றில் நின்றுவிடும் மோட்டார், மிச்சப்பட்ட பணத்தை மட்டுமன்றி உயிரையும் கொண்டுபோகக் கூடும். ஆகையால் பணம் கொடுக்குமுன் செய்யவேண்டிய பரீட்சைகளை இங்கே கூறுவோம்.

1. வயதும் உதிரிப்பாகமும். வயது ஒன்றே குற்றமாகாது. இங்கிலாந்தில் 1931-ல் தொடங்கி 1996 வரை செய்யப்பட்ட ‘பிரிட்டிஷ் ஸீகல்’ மோட்டார்களில் பல இன்றும் ஓடுகின்றன. அவை பெரும்பாலும் ஒரே சிலிண்டர் உடையவை, அமைப்பில் எளியவை, உதிரிப்பாகங்களும் கிடைக்கின்றன. இதற்கு மாறாக, விற்பவரின் பெயர் ஒன்றும் செய்தவரின் பெயர் வேறொன்றுமான மலிவு மோட்டார்களும் உண்டு. அமெரிக்காவில் ‘ஸியர்ஸ்’ கம்பெனி தன் பெயரில் விற்றவற்றுள் பல ‘எஸ்கா’ என்னும் தொழிற்சாலையில் ‘டெக்கம்ஸே’ எஞ்சின் பொருத்திச் செய்யப்பட்டவை. இத்தகையவற்றிற்கு மூடியின் மேலுள்ள பெயரைக் கொண்டு பாகம் தேடுவது வீண். ஆகவே, எஞ்சினைச் செய்தவர் யார், நீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரமும் பற்றவைக்கும் காயிலும் இன்று கிடைக்குமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். கிடைக்காதெனின், எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது.

2. குளிர்ந்த நிலையில் காண்க. நீங்கள் போகுமுன் மோட்டாரை ஓட்டிச் சூடேற்றி வைக்க வேண்டாமென்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் எளிதில் கிளம்பித் தன் குறையை மறைத்துவிடும். போனவுடன் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். நீரில் அமிழும் பகுதியில் மட்டும் புதுவர்ணம் பூசியிருந்தால், வெடிப்பையோ உப்பரிப்பையோ மறைத்திருக்கலாமென்று சந்தேகிக்க இடமுண்டு.

3. அழுத்தமும் பிளக்கும். இழுகயிற்றை மெதுவாக இழுக்கும்போது பிஸ்டன் எதிர்த்துத் தள்ள வேண்டும். தடையின்றிச் சுழலுமாயின் வளையங்களோ சிலிண்டரோ தேய்ந்திருக்கக் கூடும். அழுத்தமானி கிடைத்தால், இரட்டைச் சிலிண்டர் மோட்டாரில் இரு அளவுகளும் ஏறக்குறைய 10 சதவீதத்திற்குள் ஒத்திருக்க வேண்டும். எண்ணின் பெருமையைவிட இந்த ஒப்புமையே முக்கியம். ஸ்பார்க் பிளக்கின் முனை இளம்பழுப்பாயிருந்தால் நலம். எண்ணெய் படிந்த கருமை கலவைக் கேட்டையும், வெளுப்பு அதிகச் சூட்டையும் காட்டலாம். நீர்த்துளியோ அலுமினியத் துகளோ தென்பட்டால் அந்த மோட்டாரை விட்டுவிடுவதே நன்று. பெட்ரோலைத் தூரத்தில் வைத்துவிட்டு, பிளக்கை எஞ்சினின் உலோகத்தில் படவைத்துக் கயிற்றை இழுத்தால் நீலநிறப் பொறி பளிச்சென்று தோன்ற வேண்டும்.

4. கியர்ப்பெட்டியின் எண்ணெய். ஓரிரவு அசையாமல் நின்ற மோட்டாரில் கீழ்த் திருகாணியைச் சற்றே தளர்த்துங்கள். நீர் எண்ணெயினும் கனமாதலால், உள்ளே புகுந்திருந்தால் முதலில் அதுவே வெளிவரும். எண்ணெய் மோர் போல் வெளுத்திருப்பதும் நீர்க்கசிவின் அடையாளமே. நுண்ணிய சாம்பல்நிறப் பசை வயதின் இயல்பு. கையில் அகப்படும் உலோகத் துண்டுகளோ பற்சக்கரத்தின் அழிவு.

5. நீரில் ஓட்டுதல். நீரின்றி ஒருபொழுதும் ஓட்டலாகாது. ரப்பர்ச் சக்கரம் விரைவில் கெட்டுவிடும். பீப்பாயில் ஓட்டிப் பார்ப்பது தொடக்கத்திற்கே போதும், அங்கே பாரம் இல்லை. படகில் மாட்டி, நீரோட்டத்திற்கு எதிராக அரைமணி நேரமாவது செலுத்திப் பாருங்கள். குளிர்ச்சிக்கான நீர் இடைவிடாமல் வெளியேற வேண்டும். பின் நிறுத்தி, சூட்டிலேயே மறுபடி கிளப்புங்கள். குளிரில் நன்றாயிருந்து சூட்டில் செயலிழக்கும் காயில்கள் இப்பரீட்சையில்தான் அகப்படும்.

6. எரிபொருள். இரு வீச்சு எஞ்சின்களில் பெட்ரோலோடு எண்ணெய் கலக்க வேண்டும். பழைய ஸீகலுக்கு 10 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். பிற்கால மோட்டார்கள் பலவற்றிற்கு 50-க்கு 1. முன்னிருந்தவர் என்ன அளவில் கலந்தார் என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால் அதுவும் ஒரு சாட்சியே. மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டாராயின், உள்ளே கரி அதிகம் படிந்திருக்கக் கூடும். 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியது. அது ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். ஆதலால் குழாய்களை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கொள்க.

7. எந்தக் குறை எத்தகையது? கார்புரேட்டர் அழுக்கு, பழைய பிளக், தேய்ந்த ரப்பர்ச் சக்கரம், வெடித்த குழாய் ஆகியவை விலையைக் குறைத்துக் கேட்பதற்குரிய குறைகள். தேய்ந்த சிலிண்டர், இரையும் தாங்கி, உடைந்த பற்சக்கரம், உப்பு அரித்த எஞ்சின் உடல் ஆகியவை பேச்சையே முடிப்பதற்குரியவை. முதல்வகைக் குறை நாலிருந்தும் ஒரு மோட்டார் நல்லதாயிருக்கலாம். இரண்டாம் வகையில் ஒன்றிருந்தாலும் அது இரும்பு விலைக்கே உரியது.

வெள்ள உதவிக்கெனப் படகு வைத்திருக்கும் கிராமங்களின் அதிகாரிகள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்திற்கு முன்பு மட்டுமன்றி மாதம் ஒருமுறை மோட்டாரை நீரில் ஓட்டி, ஓடிய நேரத்தையும் கண்ட குறையையும் ஏட்டில் பதிவது நலம். உப்புநீரில் ஓடியபின் நன்னீரில் ஓட்டிக் கழுவுவது அவசியம். பல மோட்டார்களில், விசிறி கட்டையில் மோதினால் பற்சக்கரத்தைக் காக்கவேண்டி ஒரு சிறு ஆணி முறியும். அதற்கு மாற்றாணியும், வேறொரு பிளக்கும், அவற்றை மாட்டும் கருவியும் படகிலேயே இருக்கட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, எவ்வளவு நல்ல மோட்டாராயினும், துடுப்பும் கழியும் கயிறும் இன்றிப் படகைக் கரையிலிருந்து அவிழ்க்கலாகாது.