மெக்லஸ்கி வாங்கிய ஊர்

கல்கத்தாவின் நில வியாபாரி ஒருவர் காட்டு நடுவே தன் இனத்தாருக்காக ஓர் ஊரை உருவாக்கினார். ஊர் இருக்கிறது. யாருக்காக உருவாக்கினாரோ, அவர்களில் பெரும்பாலோர் இல்லை. புதிய சாலைகளின் ஓரம் மனை வாங்கத் துடிக்கும் காலத்தில் அவர் கதையை ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.

சித்தூரிலிருந்து பலமநேர் போகும் வழியில் இருக்கிறது பங்காருபாளையம். மாம்பழ சீசனில் இங்குள்ள மார்க்கெட் யார்டு முழுவதும் மாங்காய் மணம்தான். நம்மூரில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்கிற தோதாபுரி வண்டி வண்டியாக வந்து இறங்கும். பெரும்பகுதி கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும்.

ஊரின் சரித்திரம் அதன் பெயரிலேயே இருக்கிறது. சித்தூர் வட்டாரத்துப் பாளையக்காரர்களின் காலத்தில் உருவாகி, பிறகு ஜமீனாக நீடித்த ஊர் இது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்தப் பகுதியில் ஊர்ப் பெயர்களின் பின்பாதியைக் கவனித்தால் யார் எதற்காக வந்து உட்கார்ந்தார்கள் என்பது தெரிந்துவிடும். படை இறங்கிய இடம் பாளையம். சந்தை கூடிய இடம் பேட்டை. ஏரி வெட்டியவர் தன் பெயரோடு சமுத்திரத்தைச் சேர்த்துக்கொண்டார்.

இப்போது நான்காவது வகை ஒன்று வருகிறது. பெங்களூர் அருகே ஹொஸ்கோட்டையிலிருந்து சென்னை நோக்கி வரும் விரைவுச் சாலைக்கு 2022 மே மாதம் சென்னையில் அடிக்கல் நாட்டப்பட்டது. சித்தூர் மாவட்டத்தில் அந்தச் சாலைப் பணியின் இரண்டு பகுதிகள் சந்திக்கும் இடம் பங்காருபாளையம். ஒரு பெரிய சாலை எங்கே போனாலும், அதன் பின்னாலேயே எல்லைக் கற்களும் வண்ணக் கொடிகளும் 'நகர்', 'கார்டன்', 'சிட்டி' என்ற பெயர்ப் பலகைகளும் போவது நாடறிந்த வழக்கம்.

நிலத்தை அளந்து, பங்கு பிரித்து, பெயர் வைத்துவிட்டால் ஊராகிவிடுமா? இந்தக் கேள்வியோடு விளையாடிப் பார்த்தவர்கள் இருவர். ஒருவர் சென்னைக்காரர். அவருடைய ஊர் ஹொஸ்கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்னொருவர் கல்கத்தாக்காரர். நில வியாபாரமே அவருக்குத் தொழில். இருவருமே ஆங்கிலோ இந்தியர்கள்.

சென்னையிலிருந்து புறப்பட்ட கனவு

பெரம்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, போத்தனூர், பொன்மலை. ரயில்வே காலனி உள்ள ஊர்களில் வளர்ந்த தமிழர்களுக்கு ஆங்கிலோ இந்தியர்களைத் தெரியும். 'சட்டைக்காரர்கள்' என்பது அந்தக் காலத்துத் தமிழ் அவர்களுக்கு வைத்த பெயர். எஞ்சின் ஓட்டினார்கள், தந்தி அடித்தார்கள், சுங்கச் சாவடியில் நின்றார்கள். சம்பளம் இருந்தது, குவார்ட்டர்ஸ் இருந்தது. சொந்த நிலம் மட்டும் அநேகமாக இல்லை.

இந்தக் குறையை முதலில் உரக்கச் சொன்னவர் டேவிட் இம்மானுவேல் ஸ்டார்க்கன்பர்க் ஒயிட். சென்னையில் அரசுக் கல்வித்துறை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1879-ல் தென்னிந்திய யுரேஷிய - ஆங்கிலோ இந்தியச் சங்கம் சென்னையில் உருவாக முன்னின்றார். அரசு உத்தியோகத்தையே நம்பியிருக்கும் சமூகம் அது போனால் நடுத்தெருவில் நிற்கும், ஆகவே விவசாயத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் வாதம். மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் 1882-ல் பெங்களூருக்குக் கிழக்கே 3,900 ஏக்கர் கொடுத்தார். நடுவில் வட்டமான திடல், அதைச் சுற்றி வீடுகள் என்று ஒயிட் திட்டம் போட்டார். ஊருக்கு அவர் பெயரே வந்தது: ஒயிட்ஃபீல்டு.

1889-ல் ஒயிட் மறைந்தார். கிராமம் பிழைத்தது. ஆனால் அவர் எண்ணியபடி ஏர் பிடிக்கும் சமூகம் அங்கே உருவாகவில்லை. ஓய்வு பெற்றவர்கள் அமைதியாக நாள் கழிக்கிற இடமாக அது நூறு ஆண்டுகள் தூங்கியது.

பத்தாயிரம் ஏக்கர்

ஒயிட் குமாஸ்தா. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே கனவைக் கையில் எடுத்த எர்னஸ்ட் டிமோத்தி மெக்லஸ்கி வியாபாரி. கல்கத்தாவில் வீடும் நிலமும் வாங்கி விற்பவர். தந்தை ஐரிஷ்காரர், தாய் இந்தியப் பெண் என்று சொல்லப்படுகிறது. வங்காளச் சட்டமன்றத்தில் ஆங்கிலோ இந்தியர் சார்பில் உறுப்பினராகவும் இருந்தார்.

மெக்லஸ்கியின் காலத்தில் ஒயிட்டின் பயம் நிஜமாகிக் கொண்டிருந்தது. 1919 சீர்திருத்தங்களுக்குப் பிறகு அரசுப் பணிகளில் இந்தியர்களைச் சேர்ப்பது வேகம் பிடித்தது. ரயில்வேயிலும் தந்தியிலும் தங்களுக்கென்றே இருந்ததாக நினைத்த இடங்கள் கைநழுவத் தொடங்கின. 1928-ல் சைமன் கமிஷன் வந்து போனது. இந்தியர்கள் ஆளப்போகும் நாட்டில் நாம் யார் என்ற கேள்வி கிளப்புகளிலும் சர்ச் வாசல்களிலும் பேசப்பட்டது. ஆங்கிலேயர்கள் இவர்களை ஒருபோதும் சமமாக நடத்தியதில்லை. இந்தியர்களோ இவர்களை ஆங்கிலேயரின் நிழலாகப் பார்த்தார்கள்.

மெக்லஸ்கி தனக்குத் தெரிந்த வழியில் விடை தேடினார். இடம் பார்த்தார்.

ராஞ்சிக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில், சால மரக் காடும் மேடு பள்ளமான புல்வெளியுமாக விரிந்து கிடக்கிறது சோட்டா நாக்பூர் பீடபூமியின் ஒரு பகுதி. கோடையிலும் மாலையில் காற்று குளிரும். ஓடைகள் உண்டு. ரயில் பாதை பக்கத்திலேயே ஓடியது. ராத்து மகாராஜாவிடமிருந்து அங்கே சுமார் 10,000 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பேசி முடித்தார் மெக்லஸ்கி. லாப்ரா, கொங்கா, ஹேசலாங் என்று ஏற்கனவே மக்கள் வாழ்ந்த கிராமங்களைச் சேர்ந்த நிலம் அது.

1933-ல் 'காலனைசேஷன் சொசைட்டி ஆஃப் இந்தியா' பதிவானது. பெயரில்தான் சொசைட்டி. அமைப்பில் அது ஒரு கம்பெனி. ஆங்கிலோ இந்தியர்கள் பங்கு வாங்கினால் அதற்கு ஈடாக நிலம் கிடைக்கும். மெக்லஸ்கி நாடெங்கும் உள்ள தன் சமூகத்தாருக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். 'காலனைசேஷன் அப்சர்வர்' என்ற மாத இதழும் வந்தது. இன்றைய மனை விளம்பரத்தில் உள்ளவை எல்லாம் அதிலும் இருந்தன: நல்ல தண்ணீர், நல்ல காற்று, ரயில் நிலையம். கூடுதலாக ஒன்றும் இருந்தது. இது உங்கள் 'முலுக்', உங்கள் சொந்த மண் என்ற அழைப்பு. சொந்த மண் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாதவர்களுக்கு அந்தச் சொல்லின் ருசியே தனி.

பலர் ஓய்வூதியப் பணத்தைப் போட்டார்கள். அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ 400 குடும்பங்கள் வந்து சேர்ந்தன. சரிவான ஓட்டுக் கூரை, அகலமான வராந்தா, பின்புறம் பழத்தோட்டம் என்று பங்களாக்கள் எழுந்தன. நிலையத்துக்கும் ஊருக்கும் மெக்லஸ்கிகஞ்ச் என்ற பெயர் நிலைத்தது. 'குட்டி இங்கிலாந்து' என்று வெளியூர்க்காரர்கள் அழைத்தார்கள். மெக்லஸ்கி அதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. ஊர் பிறந்த இரண்டே ஆண்டுகளில், 1935-ல் காலமானார்.

எங்கே தவறியது?

வீடு கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் ரயிலிலும் அலுவலகத்திலும் ஆயுளைக் கழித்தவர்கள். அவர்களுக்கு விவசாயம் தெரியாது. விளைந்த பழத்தையும் காய்கறியையும் வாங்க அருகில் பெரிய சந்தை இல்லை. பென்ஷன் வருகிறவரை வாழ்க்கை ஓடியது. பிள்ளைகளுக்கு அங்கே வேலை இல்லை. படித்தவர்கள் வெளியூர் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை.

வெளியே நடந்தவையும் ஊரைச் சாய்த்தன. 1935-ம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் ரயில்வே, சுங்கம், தபால் - தந்தித் துறைகளில் ஆங்கிலோ இந்தியர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு தந்தது. ஊரை நோக்கி அவர்களைத் தள்ளிய பயம் அந்த அளவுக்குத் தணிந்தது. பிறகு உலகப் போர் வந்து வேலைகளை அள்ளிக் கொடுத்தது. 1947-க்குப் பிறகு பயம் திரும்பியபோது, மெக்லஸ்கிகஞ்சுக்கு வரவேண்டியவர்கள் கப்பல் ஏறி இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். அரசியல் சட்டத்தின் 336-வது பிரிவு அவர்களுக்குப் பழைய வேலை ஒதுக்கீட்டைப் பத்தாண்டுகளுக்கு, படிப்படியாகக் குறைத்துத் தந்தது. அது முடிந்தபோது இருந்தவர்களிலும் பலர் கிளம்பினார்கள். பங்களாக்கள் கல்கத்தா வங்காளிகளின் விடுமுறை வீடுகளாயின. சில ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளின் கைக்குப் போயின. சில இடிந்தன.

மெக்லஸ்கியின் கணக்கில் விட்டுப்போன இன்னொரு இனம் உண்டு. அந்தக் கிராமங்களில் முண்டாக்களும் ஒராவோன்களும் ஏற்கனவே இருந்தார்கள். பிர்ஸா முண்டா நில உரிமைக்காக எழுந்து, 1900-ல் ராஞ்சி சிறையில் இறந்தது இதே வட்டாரத்தில்தான். அவருடைய கிளர்ச்சியின் எதிரொலியாகவே ஆதிவாசி நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் 1908-ல் வந்தது. அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து, நிலமற்ற ஒரு சமூகத்துக்குத் தாய்மண் தேடி வந்தவர் மகாராஜாவிடம் பேசினார். தாய்மண் ஏற்கனவே வேறொருவருடையதாக இருந்தது. மண்ணின் மக்கள் அந்தப் புதிய ஊரில் தோட்டக்காரர்களாகவும் காவல்காரர்களாகவும் ஆயாக்களாகவும் இடம் பெற்றார்கள்.

பள்ளிக்கூடம் காப்பாற்றியது

செத்துப்போன ஊர் என்று பத்திரிகைகள் எழுதி முடித்த பிறகு, 1997-ல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. பீகார் சட்டமன்றத்தில் ஆங்கிலோ இந்தியர் சார்பில் நியமன உறுப்பினராக இருந்த ஆல்ஃப்ரட் டி ரொசாரியோ அங்கே டான் பாஸ்கோ அகாடமியைத் தொடங்கினார். ஆங்கிலப் படிப்புக்காக வெளியூர்ப் பிள்ளைகள் வந்தார்கள். தங்க இடம் வேண்டுமே! பழைய பங்களாக்கள் ஹாஸ்டல்கள் ஆயின. மிஞ்சியிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு வருமானம் வந்தது, சமையலுக்கும் காவலுக்கும் ஆள் தேவைப்பட்டது, கடைகள் திறந்தன. 10,000 ஏக்கர் செய்யாததை ஒரு பள்ளிக்கூடம் செய்தது.

ஒயிட்ஃபீல்டுக்கும் ஏறத்தாழ அதே காலத்தில் விழிப்பு வந்தது. தொண்ணூறுகளில் அங்கே சர்வதேசத் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. தொடர்ந்து மென்பொருள் கம்பெனிகள் குவிந்தன. நிலத்தின் விலை வானம் ஏறியது. விவசாயத்துக்கென்று ஒயிட் எண்ணிய மண்ணில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவர் போட்ட வட்டத்தில் பழைய வீடுகள் சில மட்டும் மிச்சம்.

இரண்டு ஊர்களுமே நிறுவியவர் நினைத்தபடி வாழவில்லை. இரண்டையும் எழுப்பியது பிழைப்புதான். ஓரிடத்தில் பள்ளிக்கூடம், ஓரிடத்தில் கம்ப்யூட்டர். பழைய சித்தூர் மாவட்டத்தின் கிழக்கு மூலையில், தடா அருகே 2008-ல் உருவான ஸ்ரீ சிட்டி இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. அங்கே தொழிற்சாலை முதலில், குடியிருப்பு பிறகு. சென்னை மெட்ரோவின் பெட்டிகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வந்தன. அங்கும் பல கிராமங்களின் நிலம்தான் நகரமானது.

சாலையோர மனையைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மெக்லஸ்கியின் வாழ்க்கையில் வரிசையாக இருக்கின்றன. பத்திரமும் பட்டாவும் சரியா என்பதை வக்கீல் பார்த்துச் சொல்லிவிடுவார். பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்? இருபது வயதில் எங்கே வேலைக்குப் போவார்கள்? கோடையில் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் நிற்குமா? கல் நடும் முன் அந்த மண்ணில் மாவோ கடலையோ வைத்திருந்தவர் யார், அவர் இப்போது என்ன செய்கிறார்? இவற்றுக்கு வில்லங்கச் சான்றிதழில் பதில் கிடைக்காது.

ஆங்கிலோ இந்தியர்களுக்கு மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிந்தன. தனி மண் கேட்ட சமூகத்துக்குத் தனி நாற்காலியும் இல்லை. ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. மெக்லஸ்கியின் பெயரை ராஞ்சிப் பக்கத்து ரயில் நிலையம் சுமக்கிறது. ஒயிட்டின் பெயர் பெங்களூர் மெட்ரோவின் கிழக்குக் கோடியில், 2023 மார்ச்சில் திறந்த கடைசி நிலையத்தில் இருக்கிறது. அந்தப் பலகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக் குறிக்குள் இன்னொரு பெயரும் உண்டு: காடுகோடி. ஒயிட் வருவதற்கு முன்பே அங்கிருந்த கிராமத்தின் பெயர் அது.