தென் மெதடிஸ்ட் பல்கலைக்கழகக் காற்பந்தாட்ட ஊழல்

தென் மெதடிஸ்ட் பல்கலைக்கழகக் காற்பந்தாட்ட ஊழல் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் டாலஸ் நகரில் உள்ள தென் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர்களுக்கு விதிகளை மீறிப் பணம் வழங்கப்பட்டதையும், அதற்காக 1987 ஆம் ஆண்டில் அவ்வணி ஓராண்டு முழுவதும் ஆடத் தடை செய்யப்பட்டதையும் குறிக்கும். எதிரணி ரசிகர்கள் நெடுங்காலம் கொண்டிருந்த ஐயம் உண்மையென உறுதியான நிகழ்வாக இது கருதப்படுகிறது.

பின்னணி

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தாட்டம் பெரும் வருவாய் ஈட்டும் விளையாட்டு ஆகும். எனினும், வீரர்கள் மாணவர்கள் என்பதால், கல்விக் கட்டணம், உணவு, உறைவிடம் ஆகியவற்றுக்கான உதவித்தொகை தவிர வேறு ஊதியம் பெறலாகாது என என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நெடுங்காலம் விதித்திருந்தது. இவ்விதியை மீறி, செல்வந்தர்களான நன்கொடையாளர்கள் மறைவாகப் பணம் கொடுத்து வீரர்களை ஈர்ப்பதுண்டு.

தென் மெதடிஸ்ட் அணி தென்மேற்குக் கூட்டமைப்பில் ஆடியது. அதன் ஒன்பது உறுப்பினர்களில் ஆர்கன்சாஸ் தவிர மற்ற எட்டும் டெக்சாஸ் மாநிலத்தவை. ஆகவே எதிரணிகளின் ரசிகர்கள் ஒரே ஊரில், ஒரே அலுவலகத்தில் நாள்தோறும் சந்திப்பவர்களாக இருந்தனர். ஓர் அணியைப் பற்றிய பேச்சு மற்றவர்களிடம் விரைவில் பரவியது.

எழுச்சியும் ஐயமும்

சிறிய தனியார் பல்கலைக்கழகமான தென் மெதடிஸ்ட், 1981 முதல் 1984 வரை 41 வெற்றிகளையும் 5 தோல்விகளையும் மட்டுமே பெற்றது. ஓர் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. இவ்வளவு சிறிய நிறுவனம் இத்தனை சிறந்த வீரர்களை எவ்வாறு சேர்த்தது என்பதே எதிரணியினரின் கேள்வி.

எரிக் டிக்கர்சனின் கார் இவ்வையத்தின் அடையாளமாயிற்று. 1979 இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சேர இசைந்திருந்த அவரிடம் புதிய டிரான்ஸ் ஆம் கார் ஒன்று இருந்தது. பின்னர் அவர் தென் மெதடிஸ்டில் சேர்ந்தார். தம் பாட்டி வாங்கித் தந்ததென அவர் பல்லாண்டுகள் கூறிவந்த அக்காரை, மக்கள் 'டிரான்ஸ் ஏ அண்ட் எம்' எனக் கேலி செய்தனர்.

ஐயப்பட்டவர்களும் தூயவர்கள் அல்லர். 1980களில் டெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழகம், ஹூஸ்டன், டெக்சாஸ் ஏ அண்ட் எம் முதலிய அணிகளும் விதிமீறலுக்காகத் தண்டிக்கப்பட்டன.

தண்டனை

1985 இல் தண்டிக்கப்பட்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தபோதும், நன்கொடையாளர் ஒருவரின் பணத்திலிருந்து 13 வீரர்களுக்கு ஏறத்தாழ 61,000 டாலர் வழங்கப்பட்டது. 1986 நவம்பரில் டாலஸ் தொலைக்காட்சி நிலையம் ஒன்று முன்னாள் வீரர் ஒருவரின் வாக்குமூலத்தை ஒளிபரப்பியது. 1987 பெப்ரவரி 25 அன்று என்.சி.ஏ.ஏ. அவ்வாண்டின் ஆட்டங்கள் அனைத்தையும் இரத்துச் செய்தது. இது 'மரண தண்டனை' என அழைக்கப்படுகிறது.

பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் தலைவராக இருந்த டெக்சாஸ் ஆளுநர் பில் கிளெமன்ட்ஸ், முன்னரே வாக்களிக்கப்பட்ட தொகைகளைத் தொடர்ந்து வழங்கத் தாமும் இசைந்ததாக 1987 மார்ச்சில் ஒப்புக்கொண்டார். ஐயம் நன்கொடையாளர்களைக் கடந்து நிருவாகத்தின் உச்சிவரை சென்றது.

விளைவுகள்

வீரர்கள் வேறு பல்கலைக்கழகங்களுக்கு மாற அனுமதிக்கப்பட்டதால், எதிரணிப் பயிற்சியாளர்கள் வளாகத்துக்கே வந்து அவர்களை அழைத்துச் சென்றனர். போதிய வீரர்கள் இன்மையால் 1988 ஆட்டங்களைப் பல்கலைக்கழகமே கைவிட்டது. 1989 இல் மீண்டும் களமிறங்கிய அணி, ஹூஸ்டனிடம் 95–21 என்ற புள்ளிக்கணக்கில் தோற்றது. 1989 முதல் 2008 வரை 1997 இல் மட்டுமே தோல்விகளைவிட மிகுதியான வெற்றிகளைப் பெற்றது. தென்மேற்குக் கூட்டமைப்பு 1996 இல் கலைந்தது.

விதிகளின் மாற்றம்

2021 சூலை முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குப் பயன்படுத்திப் பொருளீட்டலாம். 2025 சூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகமொன்று முதல் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம்.

தென் மெதடிஸ்ட், தொலைக்காட்சி வருவாயில் ஒன்பது ஆண்டுகள் பங்கு கோராமலே 2024 இல் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தது. சேர்க்கை அறிவிக்கப்பட்ட ஒரு வாரத்திலேயே நன்கொடையாளர்கள் 10 கோடி டாலர் திரட்டினர். இடத்தைப் பணத்தால் வாங்கிவிட்டனர் என்ற பழைய பேச்சு மீண்டும் எழுந்தது. அவ்வாண்டே அணி தேசிய இறுதிச்சுற்றுத் தொடருக்குத் தகுதி பெற்றது. 1987 இல் மறைவாகக் கைமாறி அணியை வீழ்த்திய பணம், இன்று ஒப்பந்தத்தில் எழுதி வெளிப்படையாக வழங்கப்படுகிறது.